இல்லம் கடைசிப் புகலிடமாகவே இருக்கட்டும்: கைவிடப்படும் மாற்றுத்திறன் குழந்தைகளும் நமது பொறுப்பும்

திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், மண்ணச்சநல்லூரைத் தாண்டிச் சென்றால் வருவது திருவெள்ளறை. பழமையான பெருமாள் கோயிலுக்கும், பல்லவர் காலத்தில் ஸ்வஸ்திக் வடிவில் வெட்டப்பட்ட படிக்கிணற்றுக்கும் பெயர் பெற்ற ஊர். திருச்சி நகரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான்.

ஆனால் இந்த 20 கிலோமீட்டர் எல்லோருக்கும் ஒன்றல்ல. மூளை முடக்குவாதத்துடன் பிறந்த நான்கு வயதுப் பிள்ளை ஒன்று இப்படியொரு ஊரில் இருப்பதாக வைத்துக் கொள்வோம். கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை. பிசியோதெரபிக்காக வாரத்தில் சில நாட்கள் திருச்சிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். தாய் போனால் அன்றையக் கூலி போகும். போகாவிட்டால் பிள்ளையின் கால் இறுகிவிடும். கணவர் கூட இருந்தால் பரவாயில்லை. இல்லை என்றால்? அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், ஒருநாள் சொல்வார்: “ஏதாவது இல்லத்துல விட்டுடும்மா. சாப்பாடாவது கிடைக்கும். நீயும் மத்த புள்ளைங்களப் பாக்கலாம்.”

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. தமிழகத்தின் எந்த மாவட்டத்திலும், எந்த மஹல்லாவிலும் நடக்கக்கூடியதுதான். ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்று நாம் சொல்லும்போது குப்பைத்தொட்டியில் கிடக்கும் பச்சிளம் சிசுவே நம் நினைவுக்கு வருகிறது. அதுவும் நடக்கிறது. ஆனால் ஊனமுள்ள பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே நாளில் கைவிடப்படுவதில்லை. முதலில் விடுதியில் சேர்க்கப்படுகிறார்கள். பெருநாளைக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். பிறகு ஒரு வருடம் யாரும் வருவதில்லை. அடுத்த வருடம் கைப்பேசி எண் மாறிவிடுகிறது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளை யத்தீமாகிவிடுகிறது.

இந்த நிலையில் ஒரு சமுதாயமாக நாம் செய்ய வேண்டியது என்ன? மேலும் சில இல்லங்களைக் கட்டுவதா, அல்லது பிள்ளை இல்லத்துக்குப் போகும் நிலையே வராமல் பார்த்துக் கொள்வதா?

சட்டம் முதலில் சொல்வது குடும்பத்தை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அது அங்கீகரிக்கிறது. வேலை வாய்ப்பு, இட ஒதுக்கீடு பற்றிய அதன் பிரிவுகள் அடிக்கடி பேசப்படுகின்றன. அதிகம் பேசப்படாத ஒன்று 9-வது பிரிவு.

ஊனம் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. குழந்தையின் நலனுக்கு அது அவசியம் என்று தகுதியுள்ள நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டுமே பிரிக்கலாம். பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரிசை வகுத்திருக்கிறது. முதலில் நெருங்கிய உறவினர். அது முடியாவிட்டால், அதே சமூகத்துக்குள் குடும்பச் சூழலில் ஓர் இடம். விதிவிலக்கான நிலையில் மட்டுமே அரசோ தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகம்.

இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. நடைமுறையில் நாம் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். கடைசியில் இருக்க வேண்டிய காப்பகம் முதல் யோசனையாக வருகிறது. சித்தியோ தாய்மாமனோ எடுத்துக்கொள்ள முடியுமா, அவர்களுக்கு என்ன உதவி தேவை என்று யாரும் கேட்பதில்லை.

குழந்தை கண்டெடுக்கப்பட்டால்

பள்ளிவாசல் வாசலிலோ, தர்கா வளாகத்திலோ, பேருந்து நிலையத்திலோ ஒரு குழந்தை கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் நம்மிடையே இன்னும் தெளிவில்லை. “பிள்ளை இல்லாத நல்ல குடும்பம் ஒன்று இருக்கிறது, கொடுத்துவிடலாம்” என்று முடிவெடுக்கும் வழக்கம் முற்றாக மறையவில்லை. எண்ணம் நல்லதாக இருக்கலாம். சட்டப்படி அது குற்றம்.

சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி, ஆதரவின்றிக் காணப்படும் குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருந்தாலே தண்டனை உண்டு. முறையான வழியின்றிக் குழந்தையைத் தத்துக் கொடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கப்படலாம். தலைவர் ஒருவரும் உறுப்பினர்கள் நால்வரும் கொண்ட குழந்தைகள் நலக் குழுதான் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்.

வளர்க்க முடியாத நிலையில் இருக்கும் பெற்றோருக்கும் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. குழுவின் முன் வந்து குழந்தையை ஒப்படைக்கலாம். அதற்கு முன் ஆலோசனை வழங்கப்படும். ஒப்படைத்த பிறகும் மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசம் உண்டு. தங்கள் கைமீறிய சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட நேர்ந்த பெற்றோரை, வேண்டுமென்றே கைவிட்டவர்களாகக் கருதித் தண்டிக்கக் கூடாது என்றும் இச்சட்டத்தின் 75-வது பிரிவு சொல்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் பின்னாலும் இதே எண்ணம்தான் இருந்தது. தாயைக் குற்றவாளியாக்காமல், முதலில் குழந்தையின் உயிரைக் காப்பது.

இந்தச் செய்தி தாய்மார்களைச் சென்றடைந்தால், இருட்டில் விட்டுச் செல்லப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையும்.

மதிலுக்குப் பின்னால் நடந்தவை

எல்லா இல்லங்களும் மோசமானவை என்று நாம் சொல்லவில்லை. இரவு பகல் பாராமல், பிள்ளைகளின் மலஜலத்தைக் கழுவி, ஒவ்வொரு வாயாக ஊட்டிவிடும் பணியாளர்கள் இந்த மாநிலத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெற்ற தாயே தளர்ந்துபோகும் வேலையைக் குறைந்த சம்பளத்தில் செய்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல நமக்கு வார்த்தை போதாது.

ஆனால் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதை நாம் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்கள் தங்கியிருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களை அங்கே கொண்டு வந்து விட்டவர்கள் எதிரிகள் அல்ல, சொந்தக் குடும்பத்தினர். ஷிஃபா கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விட்டவர்களும் உண்டு, வேறு வழி தெரியாமல் விட்டவர்களும் உண்டு. உச்ச நீதிமன்றம் தாமாகவே இதை விசாரணைக்கு எடுத்தது. அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் அதே ஏர்வாடியில் மருத்துவர்கள் அமர்ந்து, துஆவோடு மருந்தும் கொடுக்கும் திட்டம் வந்தது. முன்பே வந்திருந்தால் அந்த உயிர்கள் தப்பியிருக்கலாம்.

குழந்தைகள் இல்லங்களின் கதையும் இதிலிருந்து வெகுதூரமில்லை. 2021 ஜூனில் மதுரையில் ஒரு காப்பகத்தில் இருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவால் இறந்து அடக்கம் செய்யப்பட்டதாக ஆவணம் காட்டினார்கள். விசாரித்தபோது அந்தக் குழந்தை விற்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. நம் திருச்சியிலேயே, உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட 89 பெண் பிள்ளைகளை வைத்திருந்த ஓர் இல்லத்தின் மீது 2015-ல் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. பதிவு இல்லை, பெற்றோர் விவரம் முறையாக இல்லை என்ற புகார்கள் உயர் நீதிமன்றம் வரை சென்று, சிபிஐ விசாரணையில் முடிந்தன.

மாமல்லபுரத்தில் ஆதரவற்றோர் இல்லக் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக 2007-ல் வந்த பத்திரிகைச் செய்தியின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழக்கில், 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. நாட்டில் உள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், சமூகத் தணிக்கை நடத்தப்பட வேண்டும் என்று அது உத்தரவிட்டது. குழந்தைகள் நலக் குழு மாதம் இருமுறையாவது இல்லங்களுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

வாய் பேசாத, எழுந்து நடக்காத ஒரு பிள்ளைக்கு இந்தப் பதிவும் தணிக்கையும் இன்னும் முக்கியம். அடித்தாலும் சொல்லத் தெரியாது. பசித்தாலும் கேட்கத் தெரியாது. அந்தப் பிள்ளையின் சார்பாகப் பேச, பதிவேடும் அதைப் பார்க்க வருபவரும்தான் இருக்கிறார்கள். பதிவு கேட்பதைத் தொல்லையாகவோ, தலையீடாகவோ நம்மவர்கள் சிலர் பார்ப்பதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சோறு மட்டும் போதாது

நல்ல இல்லம் என்றாலும் அது வீட்டுக்கு ஈடாகுமா? இதற்கு ருமேனியா தந்த பாடம் தெளிவானது. 1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது, அந்நாட்டின் அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இருந்தார்கள். ஊனமுள்ளவர்கள் ‘திருத்த முடியாதவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்டுத் தனியே அடைக்கப்பட்டிருந்தார்கள். உணவு இருந்தது, கூரை இருந்தது. அழுதால் தூக்குவதற்கு ஆள் இல்லை.

பின்னர் அமெரிக்க ஆய்வாளர்கள் புக்காரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து நீண்ட ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் அறிவு வளர்ச்சி இல்லத்திலேயே இருந்தவர்களைவிட மேம்பட்டது. அதுவும் இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகளிடம் முன்னேற்றம் அதிகம். கடுமையான ஊனம் உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆனால் ஊனமில்லாத பிள்ளையையே இல்ல வாழ்க்கை இப்படித் தேய்க்கிறது என்றால், கூடுதல் கவனிப்பு தேவைப்படும் பிள்ளை எவ்வளவு தேயும்?

ஒரு குழந்தைக்கு ஒரு முகம் வேண்டும். இன்று ஒருவர், நாளை வேறொருவர், ஷிஃப்ட் முடிந்தால் மற்றொருவர் என்று மாறாமல், தினமும் திரும்பி வரும் ஒரு முகம்.

உதவி எங்கே போய்ச் சேர வேண்டும்?

குடும்பத்தோடு பிள்ளை இருக்க வேண்டும் என்று தாய்க்கு உபதேசம் மட்டும் செய்தால் அது அநியாயம். அவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் தமிழக அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களில் விதவைத் தாயின் பிள்ளை, உறவினர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளை போன்றோருக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஊனமுள்ள பிள்ளைகளையும் அதன் விதிகள் குறிப்பிடுகின்றன. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிந்து பயிற்சி தர, மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன.

ஆனால் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ், ஓர் அடையாள அட்டை, ஒரு வங்கிக் கணக்கு, ஓர் அலுவலகம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இத்தனை படிகளையும் ஏறுவது யார்? இங்கேதான் சமுதாயம் நுழைய வேண்டும்.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் சக்கர நாற்காலியில் இருந்தபடியே உருவாக்கிய நிறுவனம் அது. பள்ளியும் தங்குமிடமும் அங்கே உண்டு. அதோடு, கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களை வீடு வீடாக அனுப்பி, பிள்ளையின் வீட்டிலேயே பயிற்சி தரும் முறையையும் வளர்த்திருக்கிறார்கள். தாய் 20 கிலோமீட்டர் போவதற்குப் பதிலாக, உதவி 20 கிலோமீட்டர் வருகிறது.

இது நமக்குப் புதிய சிந்தனையும் அல்ல. உமையாக்களின் கலீஃபா முதலாம் வலீத், பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் நடக்க இயலாதவருக்குப் பணியாளரையும் நியமித்ததாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்திருக்கிறார். உதவி தேவைப்பட்டவரை நோக்கிப் போயிருக்கிறது. பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) முஅத்தினாக நியமித்ததையும், மதீனாவை விட்டு வெளியே சென்ற நேரங்களில் அவரிடம் பொறுப்பை ஒப்படைத்ததையும் நாம் மிம்பர்களில் கேட்டு வளர்ந்தவர்கள். அவரை ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தில் வைத்துச் சோறு போடவில்லை.

கஃபாலாவும் வளர்ப்புப் பராமரிப்பும்

பெற்றோரே இல்லாத, அல்லது பெற்றோர் திரும்பி வராத பிள்ளைகளுக்கு என்ன வழி? தத்தெடுப்பு ஒரு வழி. ஆனால் இந்தியப் பெற்றோரில் பெரும்பாலோர் ஆரோக்கியமான சிசுவையே கேட்கிறார்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் பலருக்கு வெளிநாட்டுக் குடும்பங்கள்தான் பெற்றோராகின்றன. நம் பிள்ளையை ஏற்க நம் நாட்டிலேயே ஆள் குறைவு என்பது எந்தச் சமுதாயத்துக்கும் பெருமை அல்ல.

முஸ்லிம்களுக்குத் தத்தெடுப்பில் ஷரீஅத் சார்ந்த தயக்கம் உண்டு. 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் எந்த மதத்தவரும் விரும்பினால் தத்தெடுக்கலாம், அது கட்டாயம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறியது. விரும்பாதவர்களுக்கு வேறு கதவு இருக்கிறது. பிள்ளையின் வம்சப் பெயரை மாற்றாமல், பொறுப்பேற்று வளர்க்கும் கஃபாலா முறையை ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 20-வது பிரிவே பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது. இந்தியச் சட்டத்தில் உள்ள ‘வளர்ப்புப் பராமரிப்பு’ இதற்கு மிக நெருக்கமானது. அதிலும் பிள்ளையின் பெற்றோர் யார் என்பது மாறுவதில்லை.

2024-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள், தம்பதியர் மட்டுமின்றித் தனித்து வாழ்பவர்களும் வளர்ப்புப் பெற்றோராகலாம் என்கின்றன. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் இத்திட்டத்தில் சேர்த்திருக்கின்றன. அந்தப் பிள்ளையின் எதிர்காலத்துக்கு ஹிபாவாகவோ, சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத்தாகவோ எழுதி வைக்கவும் நமக்கு வழி உண்டு. கதவுகள் திறந்திருக்கின்றன. நாம்தான் தட்டவில்லை.

பதினெட்டாவது பிறந்தநாள்

இன்னொரு கேள்வியை நாம் தவிர்க்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 18 வயது வரைதான். அதன்பிறகு 21 வரை பிற்காப்பு உண்டு. வேலை கற்றுக்கொண்டு வெளியேறும் பிள்ளைக்கு அது போதலாம். தானே சாப்பிடத் தெரியாத ஒருவருக்கு 18 வயது என்பது வெறும் எண். குழந்தைகள் இல்லத்தில் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. பெரியவர்களுக்கான இல்லங்களோ போதிய அளவில் இல்லை. பத்து வருடம் பழகிய படுக்கையையும், பழகிய ஆயாவையும் விட்டுவிட்டு ஒரே நாளில் வேறு ஊருக்குப் போகும் நிலை, அந்த உள்ளத்துக்கு இரண்டாவது முறை கைவிடப்படுவதுதான்.

இதற்கு ஐந்தாறு பேர் மட்டும் சேர்ந்து வாழும் சிறிய வீடுகள், ஊருக்கு நடுவில், பணியாளர் துணையோடு தேவை. 18 வயதைக் கடந்தவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் உள்ள மாற்றுத்திறன் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அவர்களில் நம் தெருவில் இருப்பவர் யார் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, படித்த இளைஞர்கள் இருவரை அந்தக் குடும்பங்களுக்கு உதவ நியமிக்க வேண்டும். அடையாள அட்டை, உதவித்தொகை, காப்பீடு வாங்கித் தருவதே அவர்கள் பணி. ஆம்புலன்ஸ் வாங்கும் ஜமாஅத்துக்கு, வாரம் மூன்று நாள் பிள்ளைகளைப் பயிற்சி மையத்துக்கு அழைத்துச் செல்லும் ஒரு வேன் பெரிய காரியமல்ல.

மூன்றாவது, தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு ஜகாத்தில் ஒரு பங்கை மாதாந்திரமாக ஒதுக்க வேண்டும். ரமளானில் ஒருமுறை கொடுக்கும் மூட்டை அரிசியைவிட, மாதா மாதம் வரும் தொகைதான் தாயைக் கூலி இழப்பிலிருந்து காப்பாற்றும்.

நான்காவது, இல்லங்களுக்கு நன்கொடை கொடுக்கும் முன் பதிவுச் சான்றிதழைக் கேட்போம். எத்தனை பிள்ளைகள், எத்தனை பணியாளர்கள், சிறப்பு ஆசிரியர் இருக்கிறாரா, கடைசியாக அதிகாரிகள் எப்போது வந்தார்கள் என்று கேட்போம். நேர்மையாக நடத்துபவர்கள் இந்தக் கேள்விகளை வரவேற்பார்கள்.

ஐந்தாவது, பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் இல்லங்களில் பிரியாணி பரிமாறி, பிள்ளைகளோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதை நிறுத்துவோம். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம் பிள்ளையை யாராவது அப்படிப் படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இத்தனைக்குப் பிறகும் இல்லம் தேவைப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காகச் சிறிய, பதிவு பெற்ற, கதவு திறந்த இல்லங்கள் இருக்கட்டும். ஆனால் திருவெள்ளறை போன்ற ஓர் ஊரில் ஒரு தாய் தன் பிள்ளையோடு தனித்து நிற்கும்போது, “இல்லத்தில் விட்டுவிடு” என்பது நம் முதல் வார்த்தையாக இருக்கக் கூடாது. “உனக்கு என்ன வேண்டும்மா?” என்று கேட்பதில் தொடங்குவோம். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் ஜமாஅத்துகள் பெருகட்டும், இன்ஷா அல்லாஹ்.